பனியனுக்குப் பெயர் கொடுத்த பயில்வான்

கையில்லாத பனியனுக்கு நம் ஊர்க் கடைகளில் ஒரு பெயர் உண்டு: சாண்டோ பனியன். கடைக்காரரும் அப்படித்தான் சொல்கிறார், வாங்குகிறவரும் அப்படித்தான் கேட்கிறார். சாண்டோ என்றால் என்ன என்று இருவரும் யோசிப்பதில்லை.

அது ஒரு மனிதனின் பெயர். நூறு வருஷங்களுக்கு முன்பு அந்தப் பெயரைக் கேட்டால் லண்டனும் நியூயார்க்கும் நிமிர்ந்து உட்காரும். அவன் மேடையில் ஏறி மேல்சட்டையைக் கழற்றினால் கொட்டகையில் ஊசி விழுந்தாலும் சத்தம் கேட்கும். அவன் படம் விற்றது, அவன் புத்தகம் விற்றது, அவன் பெயர் போட்ட கொக்கோத்தூள் கூட விற்றது.

இன்று ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையைப் பிரித்தால் எந்த நடிகர் எத்தனை கிலோ இளைத்தார், எந்த நடிகை காலையில் எத்தனை மணிக்கு எழுந்து ஓடுகிறார் என்ற செய்திகள் வருகின்றன. படித்தவர்கள் உற்சாகப்பட்டுத் தை மாதத்தில் தேகப்பயிற்சிக் கூடத்தில் பணம் கட்டுகிறார்கள். மாசி பிறக்கும்போது பாதிப் பேர் நின்றுவிடுகிறார்கள். இந்த வேடிக்கையை உலகத்தில் முதன்முதலாகப் பெரிய அளவில் ஆரம்பித்து வைத்தவனும் இந்தச் சாண்டோதான்!

ஊரைவிட்டு ஓடிய பையன்

சாண்டோவின் உண்மைப் பெயர் பிரெடெரிக் வில்ஹெல்ம் முல்லர். 1867 ஏப்ரல் 2ந் தேதி பிரஷ்யா நாட்டில் கோனிக்ஸ்பர்க் நகரில் பிறந்தான். அந்த நகரம் இப்போது ரஷ்யாவில் இருக்கிறது. கலினின்கிராட் என்று பெயர் மாறிவிட்டது.

தகப்பனார் ஜெர்மானியர். தாயார் ரஷ்ய வழி வந்தவர். பிரஷ்யாவில் வாலிபப் பிள்ளைகள் கட்டாயமாகப் பட்டாளத்தில் சேர வேண்டும். முல்லருக்கு அதில் இஷ்டமில்லை. 1885ஐ ஒட்டி ஊரைவிட்டுக் கிளம்பிவிட்டான். ஒரு சர்க்கஸ் கம்பெனியில் சேர்ந்து ஊர் ஊராகப் போனான். அப்போதுதான் பெயரையும் மாற்றிக்கொண்டான். யூஜின் சாண்டோ என்ற பெயர் பிறந்தது. தாயாரின் குடும்பப் பெயரைக் கொஞ்சம் மாற்றி வைத்துக்கொண்டான் என்பார்கள்.

சர்க்கஸ் ஒருநாள் நொடித்தது. பையன் பெல்ஜியத்தில் பிரஸ்ஸல்ஸ் நகரத்துக்கு வந்து சேர்ந்தான். அங்கேதான் அவனுக்குக் குரு கிடைத்தார். அவர் பெயர் அட்டிலா. அவரும் ஒரு பயில்வான். பயிற்சிக்கூடம் நடத்தி வந்தார். எடை தூக்குவதில் அவருக்குத் தெரியாத வித்தை இல்லை. பையனின் உடம்பைப் பார்த்தார். இவன் சாதாரணமானவன் அல்ல என்று தெரிந்துகொண்டார். கனமான எடைகளை முறையாகத் தூக்கவும், தூக்குவதை ஜனங்கள் ரசிக்கும்படி செய்யவும் சொல்லிக் கொடுத்தார். இரண்டாவது பாடந்தான் பிற்காலத்தில் அதிகமாகப் பயன்பட்டது.

கையில் காசில்லாத காலங்களில் சாண்டோ ஓவியர்களுக்கும் சிற்பிகளுக்கும் முன்னால் நின்று பிழைத்தான். ஆப்ரி ஹண்ட் என்ற ஓவியர் அவனை வெனிஸ் நகரில் கண்டு, பழைய ரோமாபுரி வீரனைப் போல வரைந்தார். தன் உடம்பே ஒரு சித்திரம், அதற்கு விலை உண்டு என்பதை அந்த நாட்களில்தான் அவன் கண்டுகொண்டான்.

லண்டன் நடுங்கிய இரவு

1889ம் வருஷம் லண்டனில் சாம்ஸன் என்ற பயில்வான் கொடிகட்டிப் பறந்தான். அவனுக்குச் சைக்ளோப்ஸ் என்று ஒரு சீடன். வெஸ்ட்மின்ஸ்டரில் ராயல் அக்குவேரியம் என்ற பெரிய கொட்டகையில் இருவரும் வித்தை காட்டினார்கள். சீடனை ஜெயிப்பவருக்கு 100 பவுன், தன்னையே ஜெயிப்பவருக்கு 500 பவுன் என்று சாம்ஸன் தினமும் சவால் விட்டான். மேடை ஏறத்தான் ஆள் இல்லை.

சாண்டோ லண்டனுக்கு வந்தான். அக்டோபர் மாதக் கடைசியில் ஒரு நாள் மேடை ஏறினான். வயது 22. உயரம் ஆறடிகூட இல்லை. நன்றாகத் தைத்த சட்டையும் கோட்டும் போட்டுக்கொண்டு எதிரே நின்றான். பார்ப்பதற்கு யாரோ ஒரு குமாஸ்தா வழி தவறி மேடைக்கு வந்துவிட்டது போலிருந்தது. ஜனங்கள் சிரித்தார்கள். அவன் கோட்டைக் கழற்றினான். சட்டையைக் கழற்றினான். சிரிப்பு நின்றுவிட்டது.

அன்று சைக்ளோப்ஸ் தோற்றான். சில நாள் கழித்து, நவம்பர் ஆரம்பத்தில், சாம்ஸனோடு நேருக்கு நேர் போட்டி. லண்டனே திரண்டு வந்தது. சாம்ஸன் கம்பியை முறுக்கினான், சாண்டோவும் முறுக்கினான். சாம்ஸன் மார்பில் சங்கிலியைக் கட்டி மூச்சை இழுத்து அறுத்தான், சாண்டோவும் அறுத்தான். குரு செய்ததை எல்லாம் புதிதாக வந்த பையன் செய்துவிட்டு, அதற்கு மேலும் செய்து காட்டினான். ஒரே இரவில் சாண்டோவின் பெயர் லண்டன் முழுதும் பரவியது.

ஆனால், சாண்டோவை யாராலும் ஜெயிக்க முடியவில்லை என்று நினைத்துவிடக் கூடாது. அடுத்த வருஷமே, 1890ல், ஹெர்க்குலீஸ் மக்கான் என்ற பயில்வானோடு நடந்த எடை தூக்கும் போட்டியில் சாண்டோ தோற்றான். அவனைவிடப் பலசாலிகள் அந்தக் காலத்திலேயே இருந்தார்கள். இன்று அவர்கள் பெயரைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. சாண்டோவின் பெயர் பனியன் கடை வரைக்கும் வந்துவிட்டது. காரணம் என்ன? அதை அமெரிக்காவில் பார்க்கலாம்.

எடையைவிட உடம்பே வேடிக்கை!

1893ல் சாண்டோ நியூயார்க் போனான். ஒரு நாடகம் முடிந்ததும் கடைசியில் மேடைக்கு வந்து வித்தை காட்டுவது அவன் வேலை. அங்கே புளோரன்ஸ் சீக்பெல்ட் என்ற இளைஞர் அவனைப் பார்த்தார். அந்த வருஷம் சிகாகோவில் உலகக் கண்காட்சி நடந்தது. சீக்பெல்டின் தகப்பனார் அங்கே ஒரு கொட்டகை நடத்தி நஷ்டப்பட்டுக் கொண்டிருந்தார். சீக்பெல்ட் சாண்டோவைச் சிகாகோவுக்கு அழைத்துப் போனார்.

சீக்பெல்ட் கெட்டிக்காரர். பின்னாளில் அமெரிக்க நாடக மேடையையே ஆண்டவர். ஒரு விஷயத்தை அவர் கவனித்தார். சாண்டோ எத்தனை ராத்தல் தூக்குகிறான் என்பதில் ஜனங்களுக்கு அவ்வளவு அக்கறையில்லை. தூக்கும்போது முதுகிலும் தோளிலும் நரம்பும் சதையும் எப்படிப் புடைக்கின்றன என்பதைத்தான் கண் கொட்டாமல் பார்க்கிறார்கள். அப்படியானால் எடை எதற்கு? உடம்பையே காட்டினால் போதாதா?

அன்று முதல் சாண்டோ பளிங்குச் சிலை மாதிரி உடம்பில் வெள்ளைப் பொடி பூசிக்கொண்டு மேடையில் நின்றான். விளக்கொளியில் ஒவ்வொரு சதையாக அசைத்துக் காட்டினான். கூட்டம் அலைமோதியது. நிகழ்ச்சி முடிந்ததும் பணக்காரச் சீமாட்டிகள் மேடைக்குப் பின்னால் வரலாம், தர்மத்துக்கு 300 டாலர் கொடுத்தால் அவன் புஜத்தைத் தொட்டுப் பார்க்கலாம் என்று சீக்பெல்ட் ஏற்பாடு செய்தாராம். தொட்டுப் பார்க்கச் சீமாட்டிகள் போட்டி போட்டார்கள். அடுத்த நாள் பத்திரிகைகளில் அதுதான் செய்தி.

ஹார்வர்டு சர்வகலாசாலையில் உடற்பயிற்சித் துறையை நடத்திய டாக்டர் டட்லி சார்ஜன்ட் என்பவர் சாண்டோவின் உடம்பை அங்குலம் அங்குலமாக அளந்தார். தாம் பார்த்தவர்களில் இவ்வளவு பூரணமாக வளர்ந்த உடம்பு வேறில்லை என்று சான்று தந்தார். சீக்பெல்ட் சும்மா இருப்பாரா? அந்தச் சான்றும் விளம்பரமாகிவிட்டது.

எடிசன் கையைக் குலுக்கிய கை

1894 மார்ச் 6ந் தேதி. சினிமாவுக்கு அது குழந்தைப் பருவம்கூட அல்ல, தொட்டில் பருவம். நியூஜெர்சியில் வெஸ்ட் ஆரஞ்சு என்ற ஊரில் விஞ்ஞானி எடிசன் ஒரு சிறிய கறுப்புக் கொட்டகை கட்டியிருந்தார். உலகத்தின் முதல் சினிமா ஸ்டூடியோ என்று அதைச் சொல்லுவார்கள். சூரிய வெளிச்சம் வேண்டும் என்பதற்காகக் கூரையைத் திறக்கலாம், வெளிச்சம் போகும் பக்கமெல்லாம் கொட்டகையையே திருப்பலாம். அங்கே டிக்ஸன் என்ற உதவியாளர் சாண்டோவைப் படம் பிடித்தார்.

படம் ஒரு நிமிஷம்கூட ஓடாது. சாண்டோ கைகளை உயர்த்துகிறான், மடக்குகிறான், திரும்பி முதுகைக் காட்டுகிறான். அவ்வளவுதான். அந்தப் படம் இன்றும் இருக்கிறது. எடிசனோடு கை குலுக்கக் கிடைத்ததே போதும் என்று சாண்டோ சம்பளத்தை வேண்டாம் என்று சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. சலனப்படத்தில் நடித்த முதல் பிரபலங்களில் ஒருவன் என்ற பெருமை அவனுக்குக் கிடைத்தது. உடம்பைக் காட்டும் நடிகர்களுக்கெல்லாம் அவனே மூத்த அண்ணன்.

புகழ் ஏறினால் பித்தும் ஏறும். அதே வருஷம் மே மாதம் ஸான் பிரான்ஸிஸ்கோவில் ஒரு சிங்கத்தோடு சாண்டோ மல்யுத்தம் செய்வான் என்று விளம்பரம் செய்தார்கள். ஜனங்கள் காசு கொடுத்துக் கூடினார்கள். சிங்கத்தின் வாயைக் கட்டியிருந்தார்கள். கால் நகங்களுக்கும் உறை போட்டிருந்தார்கள். பாவம், சிங்கத்துக்குச் சண்டை போடவே மனமில்லை! சாண்டோ அதைத் தூக்கிப் பார்த்தான், இழுத்துப் பார்த்தான். அது அசையவில்லை. ஜனங்கள் கோபித்துக்கொண்டு வீடு திரும்பினார்கள். விளம்பரத்துக்கும் ஓர் எல்லை உண்டு என்பதற்கு அந்தச் சிங்கமே சாட்சி.

தினமும் கால்மணி நேரம்

சாண்டோ வெறும் மேடைக்காரனாக இருந்திருந்தால் அத்தோடு கதை முடிந்திருக்கும். அவன் லண்டனுக்குத் திரும்பினான். 1897ல் செயின்ட் ஜேம்ஸ் தெருவில் ஒரு தேகப்பயிற்சி நிலையம் திறந்தான். அது பயில்வான்கள் வியர்வை நாற்றத்தோடு புழங்கும் கொட்டடி அல்ல. கனவான்கள் கோட்டு மாட்டிவிட்டு உள்ளே போகக்கூடிய சுத்தமான இடம். 1898ல் தேகப்பயிற்சிக்கென்றே ஒரு பத்திரிகை தொடங்கினான். பலத்தை எப்படி அடைவது என்பதைப் பற்றி அவன் எழுதிய புத்தகம் பல பதிப்புகள் கண்டது.

அந்தக் காலத்து இங்கிலாந்தை நினைத்துப் பார்க்க வேண்டும். ஜனங்கள் கிராமத்தை விட்டுப் பட்டணத்துக்கு வந்துவிட்டார்கள். பகல் முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிற குமாஸ்தாக்கள் பெருகிவிட்டார்கள். 1899ல் தென்னாப்பிரிக்காவில் போயர் யுத்தம் ஆரம்பித்தபோது, பட்டாளத்தில் சேர வந்த ஏராளமான வாலிபர்களைத் தேகபலம் போதாது என்று திருப்பி அனுப்பும்படி ஆயிற்று. சாம்ராஜ்யத்துக்கே அது ஒரு கவலையாகிவிட்டது.

அந்தக் குமாஸ்தாவுக்குத்தான் சாண்டோ மருந்து சொன்னான். கனமான குண்டு வேண்டாம். ஐந்து ராத்தல் டம்பெல் இரண்டு இருந்தால் போதும். தினமும் கால்மணி, இருபது நிமிஷம். ஆனால் ஒரு நாளும் தவறக் கூடாது. கையை அசைக்கும்போது மனம் வேறெங்கும் போகக் கூடாது. எந்தச் சதை வேலை செய்கிறதோ அதிலேயே நினைவு நிற்க வேண்டும். இதற்காகவே ஒரு புது டம்பெல் செய்து விற்றான். அது இரண்டு பிளவாக இருக்கும். நடுவில் ஸ்பிரிங். பயிற்சி முடியும் வரை இறுக்கிப் பிடித்தே இருக்க வேண்டும். பிடி தளர்ந்தால் பிளவு விரிந்து காட்டிக் கொடுத்துவிடும். மனம் அலைகிறதா என்பதைக் கண்டுபிடிக்க அதைவிட நல்ல காவற்காரன் கிடையாது.

நிலையத்துக்கு வர முடியாதவர்களுக்குத் தபாலில் பாடம் போயிற்று. சாப்பாட்டில் பெரிய கட்டுப்பாடு எதுவும் அவன் சொல்லவில்லை. அளவாகச் சாப்பிட வேண்டும், நன்றாகத் தூங்க வேண்டும், குளிர்ந்த நீரில் குளிக்க வேண்டும். இன்றைக்கும் ஒரு நல்ல டாக்டர் இதற்கு மேல் அதிகமாகச் சொல்லிவிடப் போவதில்லை.

ஆயிரக்கணக்கானோர் பார்த்த போட்டி

1901 செப்டம்பர் 14ந் தேதி லண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் ஒரு புதுமை நடந்தது. உடம்பின் அழகுக்கும் அமைப்புக்கும் பரிசு கொடுக்கும் போட்டி. இன்று உலகம் முழுதும் நடக்கும் ஆணழகன் போட்டிகளுக்கெல்லாம் அதுதான் முன்னோடி. பல ஜில்லாக்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட 60 பேர் மேடையில் நின்றார்கள். சிறுத்தைத் தோல் அணிந்திருந்தார்கள். மண்டபம் கொள்ளாத கூட்டம். ஆயிரக்கணக்கானவர்கள் உள்ளே இடம் கிடைக்காமல் திரும்பினார்கள். வசூல் தென்னாப்பிரிக்க யுத்தத்தில் கஷ்டப்பட்டவர்களின் நிதிக்குப் போயிற்று.

நீதிபதிகள் மூவர். ஒருவர் சர் சார்லஸ் லாஸ் என்ற சிற்பி. இன்னொருவர் துப்பறியும் ஷெர்லக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கோனன் டாயில். மூன்றாமவர் சாண்டோ. எந்தச் சதை பெரியது என்று மட்டும் பார்க்கவில்லை. உடம்பு முழுவதும் ஒரே சீராக இருக்கிறதா, தோல் ஆரோக்கியமாக இருக்கிறதா என்றெல்லாம் பார்த்தார்கள். நாட்டிங்காம் ஊரைச் சேர்ந்த முர்ரே என்ற வாலிபர் முதல் பரிசு பெற்றார். பரிசு என்ன தெரியுமா? சாண்டோவின் உருவச் சிலை!

அன்று நள்ளிரவுக்கு மேல் ஒரு வேடிக்கை நடந்ததாகக் கோனன் டாயில் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். விருந்து முடிந்து அவர் தெருவில் வந்தபோது, ஜெயித்த மனிதர் அந்தச் சிலையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தனியாக நடந்துகொண்டிருந்தார். கையில் பணமும் அதிகமில்லை, தங்க இடமும் இல்லை. விடியற்காலையில் ரயில் வரும் வரை நடந்தே பொழுதைக் கழிக்கலாம் என்று உத்தேசம். டாயில் அவரைத் தாம் தங்கியிருந்த ஓட்டலுக்கு அழைத்துப் போய் அறை வாங்கிக் கொடுத்தார். மாலையில் ஆயிரமாயிரம் பேர் கைதட்டினார்கள். இரவில் படுக்க இடமில்லை. புகழின் சுபாவம் இதுதான்.

நம் நாட்டில் சாண்டோ

அதே 1901ல் இன்னொன்றும் நடந்தது. லண்டன் இயற்கைப் பொருட்காட்சிசாலையார் சாண்டோவின் உடம்பைப் பாரிஸ் சாந்தில் அச்செடுத்தார்கள். வெள்ளையர் இனத்தின் சிறந்த மாதிரி என்று வைக்க எண்ணினார்கள். உடம்பைக் கொண்டு மனித இனங்களுக்குள் மேல் கீழ் சொல்லும் பைத்தியம் அந்நாளில் விஞ்ஞானத்தையே பிடித்திருந்தது. இன்று அது பொய் என்று விஞ்ஞானமே தள்ளிவிட்டது.

ஆனால் சாண்டோவின் டம்பெல் இனம் பார்க்கவில்லை. யார் கை பிடித்தாலும் சதை வளர்ந்தது. 1904, 1905ம் வருஷங்களில் சாண்டோ தென்னாப்பிரிக்காவுக்கும், பிறகு இந்தியா, பர்மா, ஜாவா, சீனா, ஜப்பான் முதலிய இடங்களுக்கும் வந்து வித்தை காட்டினான். அப்போது இந்தியாவில் சுதேசி உணர்ச்சி பொங்கிக்கொண்டிருந்த காலம். வங்காளிகள் சோனிகள் என்று வெள்ளைக்காரர்கள் ஏளனம் செய்து வந்தார்கள். அதற்குப் பதில் சொல்ல வங்காளத்தில் சரளாதேவி சௌதுராணி போன்றவர்கள் வாலிபர்களுக்குச் சிலம்பமும் தேகப்பயிற்சியும் கற்பிக்கும் கழகங்களை வளர்த்து வந்தார்கள். சாம்ராஜ்யத்தைக் காப்பாற்றுவதற்காகச் சாண்டோ சொன்ன பாடத்தை, அதே சாம்ராஜ்யத்தை எதிர்த்து நிற்க நம் வாலிபர்கள் படித்துக்கொண்டார்கள்.

தெற்கேயும் அந்தக் காற்று வீசியது. ஆந்திரத்துக் கோடி ராமமூர்த்தி நாயுடு சங்கிலியை அறுத்தும், மார்பில் யானையை ஏற்றியும் கலியுக பீமன் என்று பெயரெடுத்தார். பெங்களூரில் கே. வி. ஐயர் சாண்டோவின் முறையையும் நம் சூரிய நமஸ்காரத்தையும் சேர்த்துப் பயிற்சி கொடுத்தார். மைசூர் மகாராஜாவின் ஆதரவும் அவருக்குக் கிடைத்தது. தமிழ்நாட்டில் உடம்பு கட்டாக உள்ள பயில்வான்களின் பெயருக்கு முன்னால் சாண்டோ என்று போடுவதே ஒரு பட்டமாகிவிட்டது. கோயமுத்தூரில் தேகப்பயிற்சியில் தேறி, பின்பு படத் தயாரிப்பாளராகப் புகழ் பெற்ற சாண்டோ எம்.எம்.ஏ. சின்னப்பா தேவரை அறியாதவர் உண்டா? 1978ல் அவர் மறையும் வரை அந்தப் பட்டமும் அவரோடு இருந்தது.

விளம்பரமும் உண்மையும்

சின்ன வயதில் தான் மிகவும் மெலிந்தவனாக இருந்ததாகச் சாண்டோ சொல்லி வந்தான். பத்து வயதில் தகப்பனாரோடு இத்தாலிக்குப் போய்ப் பழைய சிலைகளைக் கண்டு, அதைப் போல ஆகவேண்டும் என்று சங்கற்பம் செய்ததாகவும் சொன்னான். பின்னால் அவன் சரித்திரத்தை ஆராய்ந்தவர்கள் இதை அவ்வளவாக நம்பவில்லை. சோனியாக இருந்தவன் பலசாலியானான் என்றால்தான் சோனிகள் டம்பெல் வாங்குவார்கள்! இந்தத் தந்திரத்தையே பிற்காலத்தில் அமெரிக்காவில் சார்லஸ் அட்லஸ் இன்னும் பெரிதாகச் செய்து பணம் குவித்தார்.

மருந்தே இல்லாமல் தேகப்பயிற்சியாலேயே பல வியாதிகளைத் தீர்ப்பதாகவும் சாண்டோ விளம்பரம் செய்தான். சில வியாதிகளுக்குப் பயிற்சி நல்லதுதான். எல்லாவற்றுக்கும் அது மருந்தாகிவிடுமா? அதை அவன் தாராளமாகவே சொல்லி விற்றான். இன்று பிரபலங்களின் பெயரால் விற்கிற மாவுக்கும் மாத்திரைக்கும் அப்போதே வழி போட்டாகிவிட்டது.

அதற்காக அவன் உழைப்பைக் குறைத்துச் சொல்ல முடியாது. 1909ல் தேகபலம் போதாமல் பிராந்தியப் பட்டாளத்திலிருந்து தள்ளப்பட்ட வாலிபர்களுக்குப் பயிற்சி தர முன்வந்தான். 1911ல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் அவனைத் தம் தேகப்பயிற்சி ஆசிரியராக நியமித்தார். பட்டாளத்துக்குப் பயந்து ஓடிய பையன் அரண்மனைக்குள் போய்விட்டான்!

பெயர் இல்லாத கல்லறை

உச்சிக்குப் போனவன் இறங்கவும் வேண்டியிருந்தது. சாண்டோ கொக்கோ வியாபாரத்தில் இறங்கினான். பெரிய பழைய கம்பெனிகளோடு போட்டி போட முடியவில்லை. 1914ல் உலக யுத்தம் வந்தது. சாண்டோ 1906லேயே பிரிட்டிஷ் பிரஜையாகிவிட்டவன்தான். ஆனாலும் ஜெர்மனியில் பிறந்தவன் என்ற பேச்சு வந்துவிட்டது. 1916ல் கொக்கோக் கம்பெனி முறிந்தது. யுத்தத்துக்குப் பிறகும் அவன் புத்தகம் எழுதினான், பாடம் நடத்தினான். பழைய கூட்டம் திரும்ப வரவில்லை.

1925 அக்டோபர் 14ந் தேதி லண்டனில் சாண்டோ இறந்தான். வயது 58. பள்ளத்தில் விழுந்த மோட்டாரை ஒற்றை ஆளாகத் தூக்கியதால் மூளையில் ரத்தம் கசிந்து இறந்தான் என்று பத்திரிகைகள் எழுதின. இருதயத்திலிருந்து புறப்படும் பெரிய ரத்தக் குழாய் வீங்கி வெடித்ததே காரணம் என்பது டாக்டர் சான்று. ஜனங்களுக்கு மோட்டார் கதைதான் பிடித்தது. பலசாலி பலத்தாலேயே சாக வேண்டும் என்று அவர்கள் ஆசைப்பட்டார்கள்.

லண்டன் புட்னி வேல் இடுகாட்டில் அடக்கம் செய்தார்கள். குடும்பத்தார் அங்கே ஒரு கல்கூட வைக்கவில்லை. உலகத்தின் மேடைகளிலெல்லாம் வெளிச்சத்தில் நின்றவன், எழுபத்தைந்து வருஷத்துக்கு மேல் பெயர் இல்லாத மண்ணில் கிடந்தான். 2002ல் ஓர் அபிமானி ஒரு கல் நட்டார். பிறகு அவன் வம்சத்தில் வந்த ஒருவர் அதை மாற்றிப் பெரிய கல்லாக நாட்டினார். அதில் சாண்டோ என்ற பெயர் இருக்கிறது.

1977 முதல் மிஸ்டர் ஒலிம்பியா என்ற உலக ஆணழகன் பட்டம் பெறுகிறவருக்குச் சாண்டோவின் சிலையே பரிசாகக் கொடுக்கப்படுகிறது. மாபெரும் மேடையில் அந்தச் சிலையை உயர்த்திப் பிடிப்பவர்களைப் படத்தில் பார்க்கிறோம்.

மேடை, விளம்பரம், சீமாட்டிகள், சிங்கம், கொக்கோ எல்லாம் போய்விட்டன. அவன் சொன்னவற்றில் ஒன்று மட்டும் பழையதாகவில்லை. தினமும் இருபது நிமிஷம், தவறாமல், மனத்தைச் சிதறவிடாமல் உடம்பை அசைத்தால் போதும் என்பதுதான் அது. அதற்குச் சினிமா நட்சத்திரமாக இருக்க வேண்டியதில்லை, பணம் கட்டவும் வேண்டியதில்லை. செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: மாசி மாதத்திலும் நிறுத்தாமல் இருப்பது.